கிழங்கு, மான், சால்மன்: ஃபோர்ட் ஹாலின் இரண்டு மக்கள்

அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போரில் ஆரம்பிப்பார்கள். இல்லையென்றால், வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வரும் நிலத்தின் வரைபடத்தில். ஐடஹோ மாநிலத்தின் ஷோஷோனி, பானக் மக்களின் கதைக்குள் நான் அடுப்படி வழியாகத்தான் நுழைந்தேன். அதுதான் சரியான வாசல் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர்களுடைய பழைய குழுப் பெயர்கள், குதிரையேறிப் போன பாதைகள், போட்ட சண்டை, கைச்சாத்திட்ட ஒப்பந்தம், இன்று வரை நடத்தும் வழக்குகள் எல்லாமே கடைசியில் சாப்பாட்டில் வந்துதான் நிற்கின்றன.

பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷோஷோனி மக்கள் ஒரு குழுவை இன்னொரு குழு குறிப்பிடும்போது அது எதைச் சாப்பிடுகிறதோ அதை வைத்துத்தான் சொல்வார்கள். அகைதிகா என்றால் சால்மன் மீன் உண்பவர்கள். துக்குதிகா என்றால் மலைச் செம்மறி உண்பவர்கள். குச்சுந்திகா என்றால் பைசன், அதாவது அமெரிக்கக் காட்டெருமை, உண்பவர்கள். விதை உண்பவர்கள், முயல் உண்பவர்கள் என்றும் உண்டு. இது சாதிப் பெயர் மாதிரி பிறப்போடு ஒட்டிக்கொள்ளும் பெயர் அல்ல. ஒரு குடும்பம் இந்தப் பருவத்தில் ஆற்றங்கரையில் சால்மன் பிடித்துவிட்டு அடுத்த பருவத்தில் மலை தாண்டிப் பைசன் வேட்டைக்குப் போனால், பெயரும் கூடவே மாறிவிடும்.

நான் ஐடஹோ ஃபால்ஸ் நகரில் சில காலம் வசித்தேன். அங்கிருந்து போகடெல்லோவுக்குப் போகும் ஐ-15 நெடுஞ்சாலை ஃபோர்ட் ஹால் ரிசர்வேஷனுக்குள் புகுந்துதான் போகிறது. (ரிசர்வேஷன் என்றதும் நம் ஊர் இடஒதுக்கீடு நினைவுக்கு வரலாம். இங்கே அது ஒரு பூர்வகுடி மக்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட நிலம், அவர்களுடைய அரசு நடக்கும் இடம்.) இரண்டு பக்கமும் உருளைக்கிழங்கு வயல், நீர் தெளிக்கும் நீண்ட குழாய்கள், தூரத்தில் மலை. 80-ஆம் எண் வெளிவழியில் இறங்கினால் பழங்குடி அருங்காட்சியகம், கேசினோ, ஓட்டல். இறங்காமல் போகிறவர்களுக்கு இது வெறும் வயல்வெளிதான். நானும் வெகுநாள் இறங்காமல் போனவன்தான். கூட வேலை செய்த ஒருவர் ஆகஸ்ட் மாதத் திருவிழாவுக்கு அழைத்துப் போன பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் இவர்கள் ஒரே மக்கள் இல்லை. ஷோஷோனி வேறு, பானக் வேறு. பானக் மக்கள் பேசியது ஆரிகன், நெவாடா பக்கத்து வடக்குப் பையூட் மக்களின் மொழி வகை. இரண்டு மொழிகளும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், ஒன்றைத் தெரிந்தவருக்கு மற்றது தானாக விளங்கிவிடாது. குதிரை வந்த பிறகு பையூட்டுகளில் ஒரு பகுதியினர் கிழக்கே நகர்ந்து, ஸ்னேக் ஆற்றுச் சமவெளியில் ஷோஷோனிகளோடு சேர்ந்துகொண்டார்கள். காரணம் பைசன் வேட்டைதான். பைசன் மந்தையைத் தேடிப் போகும் வழியில் பிளாக்ஃபீட் போன்ற எதிரிகள் உண்டு. ஆள் பலம் இல்லாமல் போக முடியாது. ஆகவே இரண்டு மக்களும் ஒன்றாகப் புறப்பட்டார்கள், ஒன்றாக முகாம் போட்டார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். எண்ணிக்கையில் ஷோஷோனிகள் பல மடங்கு அதிகம். ஆனால் வேட்டைக் கூட்டத்துக்குப் பானக் ஒருவர் தலைவராக இருப்பதும் சகஜம். வீட்டுக்குள் இரண்டு மொழியும் ஓடும்.

1840 வாக்கில் ஸ்னேக் ஆற்றுச் சமவெளியில் பைசன் அற்றுப்போனது. அதன் பிறகு இவர்கள் இன்றைய யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வடபகுதி வழியாகக் குறுக்கே போய், மலைகளுக்கு அந்தப் பக்கம் வேட்டையாடினார்கள். அந்தப் பாதைக்குப் பானக் பாதை என்றே பெயர். யெல்லோஸ்டோன் போய் வந்த நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பூங்காவின் வடக்குச் சாலை சில இடங்களில் அந்தப் பாதையை ஒட்டியே போகிறது. மலைச் செம்மறி உண்பவர்களான துக்குதிகா மக்கள் அந்தப் பூங்கா நிலத்திலேயே வாழ்ந்தவர்கள். செம்மறிக் கொம்பிலிருந்து அவர்கள் செய்த வில்லுக்குச் சுற்றுவட்டாரத்தில் பெரிய மதிப்பு இருந்தது. மனிதர் வாழாத காடு என்று அந்தப் பூங்காவை யாராவது வர்ணித்தால் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருகிறது.

ஷோஷோனி, பானக் மக்களின் இந்த ஒட்டும் உறவும் அரசாங்கம் வருவதற்கு முன்பே உருவானவை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரே ரிசர்வேஷனில் அடைத்துவைத்ததால் ஒட்டிக்கொண்ட இரண்டு பழங்குடிகள் என்று இவர்களை அறிமுகப்படுத்துவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அது நடந்ததைத் தலைகீழாக்குவது. சேர்ந்து வாழ்ந்தது இவர்களே. அரசு அதன் மேல் ஒரு வேலியைப் போட்டது, அவ்வளவுதான்.

சரி, கிழங்குக்கு வருவோம்.

காமாஸ் என்று ஒரு செடி. வசந்தத்தின் கடைசியில் நீலப் பூ பூக்கும். ஈரமான புல்வெளி முழுக்க ஒரே நேரத்தில் பூத்துவிட்டால், தூரத்திலிருந்து பார்க்கிறவர் ஏரி என்றே நினைப்பார். தெற்கு ஐடஹோவில் இன்றைய ஃபேர்ஃபீல்ட் ஊருக்கு அருகே இருக்கும் காமாஸ் சமவெளி அப்படிப்பட்ட இடம். மே கடைசியில், ஜூன் ஆரம்பத்தில் போனால் சதுப்பு முழுக்க நீலமாக இருக்கும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஜனங்கள் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பூவுக்குக் கீழே, சின்ன வெங்காயம் அளவில் ஒரு கிழங்கு. பெண்கள் கடினமான குச்சியால் நெம்பித் தோண்டுவார்கள். குச்சியின் தலையில் பிடிக்க வசதியாக மான்கொம்புத் துண்டு பொருத்தியிருக்கும். பூ இருக்கும்போதே செடியை அடையாளம் பார்த்துக்கொள்வது முக்கியம். ஏனென்றால் வெள்ளைப் பூ பூக்கும் ஒரு விஷச் செடியும் அதே நிலத்தில் வளரும். பூ உதிர்ந்த பிறகு இரண்டு கிழங்குகளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இந்தக் கிழங்கை அப்படியே தின்றால் வயிறு ஏற்காது. குழி வெட்டி, கல்லை அடுக்கி, தீ மூட்டிக் கல்லைப் பழுக்கச் சூடாக்குவார்கள். அதன் மேல் ஈரப்புல், புல்லின் மேல் கிழங்கு, மறுபடியும் புல், அப்புறம் மண். மண்ணின் மேல் மறுபடி தீ. ஒரு நாள், இரண்டு நாள், சில சமயம் அதற்கும் மேல் உள்ளேயே வேக வேண்டும். அவ்வளவு நேரம் வெந்தால்தான் செரிக்காத மாவுப்பொருள் சர்க்கரையாக மாறும். வெளியே எடுக்கும்போது கிழங்கு கருப்புக்கட்டி நிறத்தில், கொழகொழவென்று, இனிப்பாக இருக்கும். அதை அப்படியே தின்றது போக மிச்சத்தை இடித்து, அடையாகத் தட்டி, காயவைத்துக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள். பனி மூடிய மாதங்களில் குழந்தைகள் உயிரோடு இருந்தது இந்த அடையால்.

பானக் தலைவர் டாகீக்கு இது தெரியாமல் இருக்குமா? அரசோடு பேச வேண்டிய நேரம் வந்தபோது அவர் கேட்டது இரண்டே இடங்கள்: போர்ட்நஃப் ஆற்றுப் பகுதி, காமாஸ் சமவெளி.

அந்த நேரம் எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1834-ல் நத்தானியேல் வையத் என்ற வணிகர் ஸ்னேக் ஆற்றங்கரையில் கட்டிய ஃபோர்ட் ஹால் என்ற வாணிகக் கோட்டை, கொஞ்ச காலத்திலேயே ஆரிகன் பாதையில் மேற்கே போன குடியேறிகளின் தங்குமிடமாகிவிட்டது. ஆயிரக்கணக்கான வண்டிகள், அவற்றோடு மாடுகள். வழியெல்லாம் புல் தீர்ந்தது, வேட்டை தீர்ந்தது. பசித்தவர்கள் மாட்டைப் பிடித்தார்கள். பதிலுக்குத் துப்பாக்கி வந்தது. 1863 ஜனவரி 29 அன்று, கடும் குளிரில், கர்னல் பேட்ரிக் கானர் தலைமையில் கலிஃபோர்னியத் தொண்டர் படை இன்றைய பிரஸ்டன் ஊருக்கு அருகே பேர் ஆற்றங்கரையில் வடமேற்கு ஷோஷோனிகளின் முகாமைத் தாக்கியது. இறந்தவர்கள் 250-லிருந்து 400-க்கும் மேல் என்று வெவ்வேறு கணக்குகள் சொல்கின்றன. பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். 2018-ல் வடமேற்கு ஷோஷோனிகள் அந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள். தங்கள் முன்னோர் கொல்லப்பட்ட நிலத்துக்கு அவர்கள் விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

1867 ஜூன் 14 அன்று ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனின் ஆணையால் ஃபோர்ட் ஹால் ரிசர்வேஷன் உருவானது. சுமார் 18 லட்சம் ஏக்கர். அடுத்த வருடம், 1868 ஜூலை 3 அன்று, ஃபோர்ட் பிரிட்ஜரில் ஒப்பந்தம். கிழக்கு ஷோஷோனிகளின் சார்பில் அவர்கள் தலைவர் வாஷக்கி, பானக் மக்களின் சார்பில் டாகீ கைச்சாத்திட்டார்கள். அதன் நான்காவது பிரிவுதான் இன்று வரை பேசப்படுவது: அமெரிக்க அரசின் குடியேறப்படாத நிலங்களில், வேட்டை கிடைக்கிற வரைக்கும், எல்லையில் சமாதானம் நிலவுகிற வரைக்கும், இவர்களுக்கு வேட்டையாடும் உரிமை உண்டு.

பானக் மக்களுக்கு நிலம் ஒதுக்கும்போது போர்ட்நஃப் பகுதியிலும் காமாஸ் சமவெளியிலும் நியாயமான பங்கு தரப்படும் என்றும் ஒப்பந்தம் சொன்னது. சொல்ல வந்தது அதுதான். எழுதியவர் ‘கேன்சஸ் சமவெளி’ என்று எழுதிவிட்டார். கேன்சஸ் மாநிலம் அங்கிருந்து மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். பிழை திருத்தப்படவில்லை. காமாஸ் சமவெளி ஒதுக்கப்படவும் இல்லை. 1869 ஜூலையில் ஜனாதிபதி கிராண்ட், ஃபோர்ட் ஹாலே பானக் மக்களுக்கும் உரிய இடம் என்று ஆணை பிறப்பித்து முடித்துவிட்டார். இரண்டு வருடத்தில் டாகீயும் இறந்துபோனார்.

அப்புறம் நடந்ததை யாரும் ஊகித்துவிடலாம். குடியேறிகள் காமாஸ் சமவெளியில் மாடுகளையும் பன்றிகளையும் மேய விட்டார்கள். மாடு புல்லை மேயும். பன்றி மண்ணைக் கிளறிக் கிழங்கையே தின்றுவிடும். ரிசர்வேஷனில் தர வேண்டிய ரேஷன் பாதி வருடத்துக்குக்கூடப் போதவில்லை. 1878-ல், மே மாதக் கடைசியில், கிழங்கு தோண்டப் போன பானக் இளைஞர்கள் அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். அதுதான் பானக் போரின் தொடக்கம். தலைவர் பஃபலோ ஹார்ன், முந்தின வருடம்தான் நெஸ் பெர்ஸ் மக்களுக்கு எதிரான போரில் அமெரிக்கப் படைக்கு வழிகாட்டியாக இருந்தவர். ஜூன் மாதமே அவர் சுடப்பட்டு இறந்தார். மிச்சமிருந்தவர்கள் ஆரிகன் பக்கம் போய்ப் பையூட்டுகளோடு சேர்ந்தார்கள். இலையுதிர் காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஃபோர்ட் ஹாலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் போரில் சேரவே இல்லை. ஆனால் கெடுபிடி எல்லோருக்கும்தான்.

பன்றிகளால் வந்த போர் என்று இதைச் சில புத்தகங்கள் சுருக்கிவிடுகின்றன. அது சில்லறைக் காரணம் மாதிரி தொனிக்கிறது. ஒரு ஜனத்தின் குளிர்காலச் சேமிப்பு முழுவதையும் கிளறிப் போட்டால் அது சில்லறைக் காரணமா?

நிலம் போன கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1872-ல் நில அளவையில் நடந்த பிழையால் 18 லட்சம் ஏக்கர் 12 லட்சமானது. ரயில் பாதை வந்தது. ரயில் சந்திப்பைச் சுற்றி ஊர் முளைத்தது. 1888-ல் போகடெல்லோ நகருக்காக 1,840 ஏக்கர் போனது. 1900-ல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அங்கீகரித்த உடன்படிக்கையில் 4 லட்சம் ஏக்கருக்கும் மேல் போனது. 1902 ஜூன் 17 அன்று அந்த நிலத்தை வெள்ளையர்களுக்குத் திறந்துவிட்டபோது, முதலில் ஓடிப்போய் இடம் பிடிப்பவருக்கே நிலம் என்று ஒரு பெரிய ஓட்டமே நடந்தது. போகடெல்லோவில் அந்த நாளை ‘ஓட்ட தினம்’ என்றே குறிப்பிடுகிறார்கள். மிஞ்சிய நிலத்தை ஆளுக்கு ஒரு துண்டாகப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். ஒரு துண்டுக்கு இன்று எத்தனையோ வாரிசுகள். யாரும் தனியாக உழ முடியாமல், வெளியார் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போடுகிறார்கள். நெடுஞ்சாலையில் இருந்து தெரியும் வயல்களில் கணிசமானவை அப்படிப்பட்டவை. இப்போது ரிசர்வேஷன் சுமார் 5,44,000 ஏக்கர்.

இதற்கு நடுவில் 1907-ல் வடக்கிலிருந்து லெம்ஹி ஷோஷோனிகளையும் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்கள்தான் அகைதிகா, சால்மன் உண்பவர்கள். அமெரிக்க அரசு பசிபிக் கடல் வரை அனுப்பிய லூயிஸ்-கிளார்க் ஆய்வுப் பயணத்தில் கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு உடன் போன சாகஜவேயா பிறந்த குழு. அவர்களுடைய தலைவர் டெண்டோய் உயிரோடு இருந்தவரை மக்களை நகரவிடாமல் பிடித்துவைத்திருந்தார். அந்த வருடம் அவர் இறந்தார். அதே வருடம் மக்கள் கிளம்ப வேண்டியதாயிற்று. சால்மன் உண்பவர்களைக் கொண்டுபோய் விட்ட ஃபோர்ட் ஹாலுக்கு சால்மன் வராது. ஸ்னேக் ஆற்றில் கீழே 65 மீட்டர் உயர ஷோஷோனி அருவி குறுக்கே நிற்கிறது. அதைத் தாண்டி மீன் ஏற முடியாது.

ஆனாலும் அவர்கள் போனார்கள். ஒவ்வொரு கோடையிலும் வடக்கே சால்மன் ஆற்றுக்கும் அதன் கிளையான யாங்கீ ஃபோர்க்குக்கும். இலையுதிர் காலத்தில் எல்க் மான் வேட்டைக்கு. ஒப்பந்தம் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கை.

1895-ல் வயோமிங்கின் ஜாக்சன் ஹோல் பகுதியில் வேட்டையாடிக்கொண்டிருந்த பானக் குடும்பங்களை உள்ளூர் ஆயுதக் கும்பல் ஒன்று சட்டத்தின் பெயரில் வளைத்துப் பிடித்தது. தப்பி ஓடியவர்களில் ஒரு முதியவரைச் சுட்டுக் கொன்றது. அதைத் தொடர்ந்து வந்த வழக்கில் ரேஸ் ஹார்ஸ் என்ற பானக் வேட்டைக்காரருக்கு எதிராக 1896-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வயோமிங் மாநிலமானதோடு ஒப்பந்த வேட்டை உரிமை முடிந்துவிட்டது என்றது தீர்ப்பு. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. மாநிலம் உருவானால் உரிமை போகும் என்று டாகீயிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. 123 வருடம் கழித்து, 2019-ல், குரோ என்ற இன்னொரு பூர்வகுடியின் வேட்டைக்காரர் ஒருவர் மேல்முறையீடு செய்த ஹெரேரா வழக்கில் அந்த வாதத்தை உச்ச நீதிமன்றமே கைவிட்டது, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்.

ஐடஹோவுக்குள் விடிவு அதற்கு முன்பே வந்தது. 1968-ல் ஜெரால்ட் டின்னோ என்பவர் யாங்கீ ஃபோர்க்கில் ஒரு சினூக் சால்மனை ஈட்டியால் குத்திப் பிடித்தார். மாநில மீன்பிடிச் சட்டத்தை மீறினார் என்று வழக்கு. ஒப்பந்தத்தில் வேட்டை என்றுதான் இருக்கிறது, மீன்பிடித்தல் என்று இல்லையே என்றது மாநிலம். ஈட்டி எடுத்துக்கொண்டு மீனைத் தேடிப் போவதும் எல்க் மானைத் தேடிப் போவதும் இந்த மக்களுக்கு ஒரே காரியம்தான் என்று பெரியவர்களும் மொழி அறிஞர்களும் சாட்சி சொன்னார்கள். 1972-ல் ஐடஹோ உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. கைச்சாத்திட்டவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்களோ அப்படித்தான் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு மீனுக்காகவா இவ்வளவு என்று யாராவது கேட்டால், ஆமாம், ஒரு மீனுக்காகத்தான். அந்த ஒரு மீன்தான் நூறாண்டு முந்தைய கையெழுத்துக்கு உயிர் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தது.

உரிமை கிடைத்தது. மீன் இல்லை. பசிபிக் கடலிலிருந்து சாடூத் மலையடிவார ஏரிகளுக்கு சாக்கை சால்மன் ஏறி வரும் வழி சுமார் 1,450 கிலோமீட்டர். கொலம்பியா, ஸ்னேக் ஆறுகளில் எட்டு அணைகள். 1990-ல் ஷோஷோனி-பானக் அரசுதான் ஸ்னேக் ஆற்று சாக்கை மீனை அழியும் இனமாக அறிவிக்கச் சொல்லி முறையாக மனுப்போட்டது. 1991-ல் அறிவிப்பும் வந்தது. 1992-ல் அந்த ஏரிகளில் ஒன்றான ரெட்ஃபிஷ் ஏரிக்குத் திரும்பி வந்தது ஒரே ஒரு ஆண் மீன். பத்திரிகைகள் அதற்கு ‘தனிமை லாரி’ என்று பெயர் வைத்தன (லாரி என்பது இங்கே ஆள் பெயர்). இன்று அந்த ஏரிக்கு வரும் மீன்கள் பெரும்பாலும் குஞ்சுப்பண்ணைகளின் தயவில் வருபவை. யாங்கீ ஃபோர்க்கிலோ வேறு சிக்கல். 1940-லிருந்து 1952 வரை தங்கம் தேடி ஒரு ராட்சதத் தோண்டிக் கப்பல் அந்த ஓடையின் அடிமண்ணையே புரட்டிப் போட்டது. அந்தக் கற்குவியல்கள் இன்னும் கரையோரம் மலைமலையாக இருக்கின்றன. அந்தக் கற்களுக்கு நடுவே மீன் வாழ இடம் உண்டாக்கும் வேலையில் பழங்குடியின் மீன்வளத் துறையும் இறங்கியிருக்கிறது. கீழ் ஸ்னேக்கின் நான்கு அணைகளை உடைக்க வேண்டும் என்று கேட்பவர்களில் இவர்களும் உண்டு. நான் இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம்தான். மின்சாரத்துக்கு வேறு வழி உண்டு.

ரிசர்வேஷனுக்குள்ளேயே ஸ்னேக் ஆற்றோரம் பாட்டம்ஸ் என்று ஒரு பகுதி. தாழ்நிலம், ஊற்றுகள், உயரமான புல். குளிர்காலத்தில்கூட ஊற்றுநீர் உறையாது என்பதால் பழைய காலத்தில் குதிரைகளோடு முகாம் போடுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. 1927-ல் அமெரிக்கன் ஃபால்ஸ் அணை எழும்பியதும் பாட்டம்ஸின் பெரும்பரப்பு நீர்த்தேக்கத்துக்குள் போனது. போகடெல்லோ நகருக்குப் பெயர் கொடுத்த தலைவர் போகடெல்லோவை 1884-ல் ஓர் ஊற்றுக்குள் இறக்கித்தான் அடக்கம் செய்தார்கள். அந்த ஊற்றும் இப்போது அணை நீருக்கு அடியில். மிஞ்சிய பாட்டம்ஸில் பழங்குடியின் பைசன் மந்தை மேய்கிறது.

தண்ணீரை முழுக்க விட்டுவிடவில்லை. 1990-ல் மாநிலத்தோடும் மத்திய அரசோடும் பேசி முடித்த உடன்பாட்டில், வருடத்துக்கு 5,81,031 ஏக்கர்-அடி தண்ணீர் இவர்களுக்கு உறுதியானது. ஒரு ஏக்கர்-அடி என்பது சுமார் 12 லட்சம் லிட்டர். வறண்ட ஐடஹோவில் இது சாதாரண விஷயம் அல்ல. ஏழு பேர் கொண்ட ஃபோர்ட் ஹால் பிசினஸ் கவுன்சில்தான் இவர்களுடைய அரசு. 1936-ல் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்பின்படி நடக்கிறது. ஷோஷோனி, பானக் இரண்டு மக்களுக்கும் ஒரே கவுன்சில், ஒரே நீதிமன்றம்.

அந்த நீதிமன்றத்தின் பலத்தை எஃப்எம்சி கம்பெனி விவகாரம் காட்டியது. ரிசர்வேஷனில் கே சுரங்கத்திலிருந்து 1946 முதல் 1993 வரை பாஸ்பேட் தோண்டினார்கள். ரிசர்வேஷன் எல்லைக்குள்ளேயே, போகடெல்லோ பக்கம், எஃப்எம்சி ஆலை அதிலிருந்து பாஸ்பரஸ் பிரித்தது. 2001-ல் ஆலை மூடப்பட்டது. காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் பாஸ்பரஸ் கலந்த கழிவு உட்பட, சுமார் 2 கோடியே 20 லட்சம் டன் கழிவு அங்கேயே இருக்கிறது. அதை வைத்திருப்பதற்கு வருடம் 15 லட்சம் டாலர் கட்டணம் தருவதாக ஒப்புக்கொண்ட கம்பெனி, ஆலையை மூடியதும் கட்ட மறுத்தது. பழங்குடி நீதிமன்றத்துக்கு எங்கள் மேல் அதிகாரம் இல்லை என்றது. 2019-ல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் பழங்குடி நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. கழிவு இன்னும் அங்கேதான். மண்ணில் முளைப்பதையும் ஆற்றில் நீந்துவதையும் உண்டு வாழ்ந்தவர்களுக்கு அதன் அர்த்தம் என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

திருவிழாவைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ஆகஸ்டில் நடக்கும். மேளம் அடித்துப் பாடும் குழுக்கள், வட்டத்துக்குள் வயதானவர்களும் மூன்று வயதுக் குழந்தைகளும் ஒன்றாக ஆடுவது, புகையூட்டிய மான்தோலின் வாசனை. அந்தத் தோலில் தைத்த கையுறைகளின் மேல் சின்னச்சின்ன மணிகளால் ரோஜாப்பூ. ஒரு கடையில் ஒரு பாட்டி இதழின் ஓரத்தை முடித்துக்கொண்டிருந்தார். நடுவில் அடர்சிவப்பு, அதைச் சுற்றி இன்னொரு சிவப்பு, அப்புறம் ரோஸ். மணிகளை ஊசியில் கோத்து, வளைவுக்கு ஏற்ற மாதிரி ஒன்றைச் சேர்த்து ஒன்றைக் கழித்துத் தைத்துக்கொண்டே, பக்கத்தில் பேத்தியை அதட்டிக்கொண்டும் இருந்தார். விருந்தில் சால்மனும் பைசன் இறைச்சியும். வந்தவர் எல்லோருக்கும் போடுகிறார்கள், காசு வாங்குவதில்லை.

அப்புறம் குதிரை ரிலே. சேணம் கிடையாது. ஒரு வீரர், மூன்று குதிரைகள், மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் முழு வேகத்தில் வந்து, குதிரை நிற்பதற்குள் குதித்து, இரண்டே எட்டில் அடுத்த குதிரையின் முதுகில் தாவ வேண்டும். வந்த குதிரையைப் பிடிக்க ஒருவர், அடுத்ததை அடக்கிப் பிடித்திருக்க ஒருவர், மூன்றாவதோடு காத்திருக்க ஒருவர். நான் பார்த்த போட்டியில் ஒரு குதிரை பிடியிலிருந்து நழுவித் தனியாகவே ஓடியது. பிடிக்கிறவர் தரையில் உருண்டு எழுந்து, அதன் பின்னாலேயே ஓடினார். கூட்டம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. இந்த விளையாட்டு தங்கள் மண்ணில்தான் பிறந்தது என்று ஃபோர்ட் ஹால்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். அவர்கள் குதிரையேறுவதைப் பார்த்தவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள்.

மொழிதான் கவலைக்குரியது. உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய குழந்தைகளை அடித்த தலைமுறைகளின் பலன் இப்போது தெரிகிறது. ஷோஷோனி பேசத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பானக் பேசுகிறவர்கள் அதைவிடவும் குறைவு. 2013-ல் சீஃப் டாகீ பெயரில் ஒரு தொடக்கப் பள்ளி திறந்து, ஷோஷோனியிலேயே பாடம் நடத்த ஆரம்பித்திருக்கிறார்கள். பானக் தலைவர் பெயரில் ஷோஷோனி மொழிப் பள்ளி. இரண்டு மக்களின் கதையை இத்தனை பக்கம் எழுதிய எனக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் அகப்படவில்லை.

யெல்லோஸ்டோனுக்கு சால்ட் லேக் சிட்டி வழியாகக் காரில் வருகிறவர்கள் பலரும் இந்தச் சாலையில்தான் வருகிறார்கள். 80-ஆம் எண் வெளிவழியில் இறங்கி அருங்காட்சியகத்தைப் பாருங்கள், ஒரு மணி நேரம் போதும். மணிவேலை வாங்குவதானால் செய்தவர் கையிலிருந்தே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஒரு பூவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரியும். ஆடும் வட்டத்தில் இருப்பவர்களைப் படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டம்ஸ் பக்கம் தூண்டில் போட ஆசை என்றால், அதற்கு அனுமதிச்சீட்டு கொடுப்பது ஐடஹோ மாநிலம் அல்ல, ஷோஷோனி-பானக் அரசு. சீட்டு இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.